எகிப்தின் சூரியனை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பண்டைய ஆப்பிரிக்கச் சமயங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் வீடியோ போடுகிறவர்களும் இப்போது நிறையப் பேர் வந்துவிட்டார்கள். நல்ல விஷயம். அவர்களில் சிலர் வெளியிடும் முன் என்னிடம் ஒரு பார்வைக்கு அனுப்புகிறார்கள். நாங்களெல்லாம் ஆரம்பத்தில் எங்கே வழுக்கினோமோ, கச்சிதமாக அதே இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள். பிரமிடை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்கிற வகையறாவை இங்கே எடுக்கப் போவதில்லை. அதை எழுதுகிறவர் இதைப் படிக்கவும் மாட்டார்.

“ஆப்பிரிக்கர்கள் சூரியனை வணங்கினார்கள்”

யார், எந்த ஊரில், எந்தக் காலத்தில்? பதில் இல்லையென்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

வெயிலுக்கு நன்றி சொன்னார்கள் என்று முடித்துவிடுவது

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பத்துக் கட்டுரை வந்தால் பெரும்பாலானவற்றில் இதே பத்திதான்: சூரியன் ஒளி தந்தான், பயிர் விளைந்தது, எகிப்திய உழவர்கள் நன்றியோடு சூரியக் கடவுளான ராவை வணங்கினார்கள். நம் பொங்கலை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் நைல் கரையில் வைத்துவிடுகிறோம். அங்கே மழை கிட்டத்தட்டக் கிடையாது, வெயிலுக்கோ பஞ்சமே இல்லை. விளைச்சலைத் தீர்மானித்தது ஆண்டுதோறும் நைலில் வந்த வெள்ளம். அந்த வெள்ளத்துக்கு ஹாபி என்று ஒரு தெய்வம், அறுவடைக்கும் களஞ்சியத்துக்கும் ரெனெனுதெத் என்கிற நாகதெய்வம். உழவனின் நன்றியில் பெரும்பங்கு அங்கேதான் போனது. ராவின் துதிகளில் நன்றியே இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் அந்தச் சமயத்தின் உயிர்முடிச்சு அதில் இல்லை.

அது இரவில் இருக்கிறது. காலையில் வண்டாகிய கெப்ரி, உச்சியில் ரா, மாலையில் கிழவனான ஆட்டும் என்று ஒரே நாளில் பிறந்து மூத்துத் தளர்கிற சூரியன், மேற்கே இறங்கிய பிறகு என்ன ஆகிறான் என்பதுதான் அவர்களுடைய பெரிய கேள்வி. பகல் படகிலிருந்து இரவுப் படகுக்கு மாறி, கீழுலகின் 12 மணிநேரங்களைக் கடந்தாக வேண்டும். அம்துவாத் என்று இன்று நாம் அழைக்கும் நூல் அந்தப் பயணத்தை மணிநேரம் மணிநேரமாகச் சொல்கிறது. நான்காவது மணியில் தண்ணீரே இல்லை, வெறும் மணல். படகு பாம்பாக மாறி, அதை இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆறாவது மணியில், நள்ளிரவின் ஆழத்தில், ரா தன் சடலத்தோடு சேர்கிறான், அந்தச் சடலம் ஒசைரிஸும்தான். செத்த கடவுளும் சூரியக் கடவுளும் ஒன்றாகிற அந்தக் கணத்தில்தான் புத்துயிர் கிடைக்கிறது. ஏழாவது மணியில் அபெப் என்கிற பெரும்பாம்பு வழியில் கிடக்கிறது, ஐசிஸ் என்கிற தேவியின் மந்திரத்தால் படகு தப்புகிறது. பன்னிரண்டாவது மணியில் இன்னொரு பாம்பின் வால் வழியே எல்லோரும் நுழைந்து, கிழவர்களாகப் போனவர்கள் வாய் வழியே குழந்தைகளாக வெளியே வருகிறார்கள். அப்புறம்தான் விடியல்.

மூன்றாம் துத்மோஸ் என்ற எகிப்திய மன்னரின் கல்லறையில் இதை முழுசாகப் பார்க்கலாம். கி.மு. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மன்னர் பள்ளத்தாக்கில் செங்குத்தான பாறைப் பிளவில் உயரத்தில் இருக்கிறது. சவப்பெட்டி இருக்கும் அறை மூலைகளே இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். சுவரில் வண்ணம் குழைத்த ஆடம்பர உருவங்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், கருப்பும் சிவப்புமாகக் கோட்டுருவங்கள், ஏதோ ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளை விரித்துச் சுவரில் ஒட்டியதுபோல. முன்னறையில் 741 தெய்வங்களின் பட்டியல். வெயிலுக்கு நன்றி சொல்வது மட்டும்தான் விஷயம் என்றால் இவ்வளவு மெனக்கெடுவானேன்?

இந்தத் தவறுக்கு விலையும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ராவைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்பி, கைக்காசு போட்டு அனிமேஷன் செய்துவிட்டுத்தான் என்னிடம் காட்டினான். பார்க்க அருமையாக இருந்தது. தங்கப் படகு, தகதக வெயில், கோதுமை வயல், கை கூப்பிய உழவர்கள், அஸ்தமனத்தோடு படம் முடிந்தது. மிச்சம் எங்கேடா என்றேன். “அண்ணே, ராத்திரியிலதான் சூரியனே இல்லையே, அதை எதுக்குக் காட்டணும்?” என்றான். நியாயமான கேள்விதான், எகிப்தியர்கள் 3,000 ஆண்டுகளாகக் கேட்ட அதே கேள்வியை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்கிறான். கடைசியில் பாதிப் படத்தைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. செத் தெய்வத்தை முழு வில்லனாக வரைந்திருந்ததையும் மாற்றினான். ஒசைரிஸைக் கொன்றவன் அவனேதான், ஆனால் ராவின் படகு முனையில் நின்று அபெப்பை ஈட்டியால் குத்துகிறவனும் அவனேதான்.

இன்னொன்றையும் விட்டுவிடுகிறார்கள்: மனிதர்கள் இதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. நாளை விடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அதற்கு உதவ வேண்டியது கோயிலின் தினசரி வேலை. பிரெம்னர்-ரைண்ட் பாப்பிரஸ் என்று ஒரு சுருள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எகிப்தின் கர்னாக்கில், அமுன் தெய்வத்தையும் ராவையும் ஒன்றாக்கிய அமுன்-ராவின் கோயிலில் நாள்தோறும் அபெப்பை வீழ்த்தும் சடங்கு அதில் உள்ளது. மெழுகில் பாம்பு செய்து, பச்சை மையால் அதன் பெயரை எழுதி, எச்சில் துப்பி, இடது காலால் மிதித்து, கத்தியால் குத்தி, தீயில் போட வேண்டும். சூரிய வழிபாடு என்றால் கை கூப்புவது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இந்தச் சடங்கை ஒருமுறை மனசில் ஓட்டிப் பாருங்கள்.

அக்நாத்தனைச் சூரிய வழிபாட்டின் தந்தை ஆக்குவது

கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் எகிப்தைச் சுமார் 17 ஆண்டுகள் ஆண்ட மன்னர். அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஐந்தாம் வம்ச மன்னர்கள் ராவுக்குத் தனிக் கோயில்கள் கட்டியாயிற்று, அவர்களில் ஒருவரான நியுசெர்ரே அபு குரப்பில் கட்டிய கோயிலின் இடிபாடு இன்றும் உண்டு. “ராவின் மகன்” என்ற பட்டம் அதற்கும் முந்தையது. ஆகவே அவர் தொடங்கி வைத்தது எதுவும் இல்லை. அவர் செய்தது வெட்டி எறிந்த வேலை. அதென் என்ற வட்டத்தட்டை மட்டும் வைத்துக்கொண்டு, படகு, அபெப், கீழுலகம், ஒசைரிஸோடு ஒன்றாவது என எல்லாவற்றையும் கழித்துவிட்டார். அவருடைய தலைநகரான அமர்னாவில் ஆய் என்ற அதிகாரியின் கல்லறையில் உள்ள, அதெனைப் பாடும் பெருந்துதியைப் படித்தால் இது பளிச்சென்று தெரியும்: சூரியன் மறைந்தால் உலகம் செத்ததுபோல் கிடக்கிறது, சிங்கம் குகையை விட்டு வருகிறது, பாம்பு கடிக்கிறது. இரவு வெறும் இல்லாமை, அவ்வளவுதான். நன்றி, பயிர், ஒளி என்று நம் ஆட்கள் எழுதுகிற சூரியன் உண்மையில் இந்தப் பெருந்துதியின் சூரியனுக்குத்தான் கொஞ்சம் கிட்டே வரும், அதாவது எகிப்தியர்களே சீக்கிரம் கைகழுவிய ஒன்றுக்கு.

எவ்வளவு சீக்கிரம் என்றால், அக்நாத்தன் இறந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் துத்தன்காமுனைப் புதைத்த அறையின் மேற்குச் சுவரில் 12 பபூன் குரங்குகளைக் கட்டம் கட்டி வரைந்துவிட்டார்கள். அலங்காரம் என்று பலரும் கடந்துபோகும் அந்தக் குரங்குகள் அம்துவாத்தின் முதல் மணிநேரம்.

ராவும் ரவியும் ஒன்று

வேண்டாம்.

சூரியன் என்றாலே ஆண்

ராவின் கண்ணே தனியாக ஒரு தேவி, பெண். கோபம் வந்தால் செக்மெத், தணிந்தால் ஹாத்தோர். மாலையில் சூரியனை விழுங்கி, உடலுக்குள் சுமந்து, காலையில் பெற்றெடுக்கும் வானமும் நூத் என்கிற பெண்தான்; ஆறாம் ராம்செஸின் கல்லறைக் கூரையில் அவள் இரட்டையாக நீண்டு கிடக்கிறாள்.

அபு சிம்பெல் பிறந்தநாள் கதை

பிப்ரவரி 22, அக்டோபர் 22 வந்தால் போதும், இரண்டாம் ராம்செஸ் மன்னர் கட்டிய இந்த எகிப்தியக் கோயிலின் உள்ளே வெயில் விழுகிறது, ஒரு நாள் அவருடைய பிறந்தநாள், இன்னொரு நாள் முடிசூட்டு நாள் என்று பகிர ஆரம்பித்துவிடுவார்கள். கதிர் சுமார் 60 மீட்டர் உள்ளே போய்க் கருவறையைத் தொடுவது உண்மை. பிறந்தநாளுக்குச் சான்று கிடையாது. அஸ்வான் அணை நீருக்குத் தப்பிக்க 1964 முதல் 1968 வரை கோயிலை அறுத்து 65 மீட்டர் மேலே தூக்கி வைத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உள்ளே நான்கு சிலைகள்; வெளிச்சம் அமுன்-ரா, ராம்செஸ், ராவின் இன்னொரு வடிவமான ரா-ஹொராக்தி மேல் விழ, கீழுலகத் தொடர்புள்ள ப்தா என்ற தெய்வம் ஓரத்தில் இருட்டிலேயே இருக்கிறார். எழுத வேண்டிய செய்தி இதுதான், இதை யாரும் எழுதுவதில்லை.

எல்லாவற்றுக்கும் “5,000 ஆண்டுப் பழமை”

இன்றைய பெனினின் ஃபோன் மக்களிடம் மாவு, லிசா என்ற இணை உண்டு, மாவு நிலவு, லிசா சூரியன். நைஜீரியாவின் இக்போ மக்களிடம் அன்யன்வு என்ற சூரியத் தெய்வம். அழகான மரபுகள், ஆனால் நமக்குக் கிடைக்கும் விவரங்களில் பெரும்பாலானவை 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் பதிவானவை. பதிவான காலத்தைப் போட்டு எழுதினால் மரபுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இன்றைய சூடானில், பழைய குஷ் நாட்டின் மெரோவே நகரில் “சூரியக் கோயில்” என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். சரி, ஆனால் அந்தப் பெயர் கல்வெட்டில் கிடைத்ததில்லை. எகிப்துக்குத் தெற்கே வாழ்ந்த எத்தியோப்பியர்களிடம் “சூரியனின் மேசை” இருந்தது, அதில் எப்போதும் வேகவைத்த இறைச்சி நிறைந்திருக்கும் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்ததை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தோண்டியவர்கள் இந்தக் கட்டடத்தோடு முடிச்சுப் போட்டார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த நகரின் பெரிய கோயில் அமுனுடையது. சிங்கத் தலைத் தெய்வமான அபெதெமாக்குக்கு நாகாவிலும் முசவ்வரத்திலும் கோயில்கள் நிற்கின்றன. குஷ் நாட்டுச் சமயத்தை எழுதுகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.