கர்மா, மறுபிறவி, சாமி: நாம் தப்பாகப் புரிந்துகொண்டு பேசுபவை

குழந்தைக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய், "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுனியோ கண்ணு" என்று சொல்கிறவர்கள் நம் ஊர்ப்பக்கம் இன்னமும் இருக்கிறார்கள். ஆறுதலாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் கர்மாவின் பெயரால் நாம் செய்கிற தவறுகளிலேயே பெரியது இதுதான். என் செயலுக்கு நானே பொறுப்பு என்று என்னைப் பார்த்து நான் சொல்லிக்கொள்ள வேண்டிய கொள்கையை, துன்பத்தில் இருப்பவர் மேல் எடுத்து வீசுகிறோம். யாருடைய எந்த வினை எப்போது பலன் தருகிறது என்று சொல்ல நமக்கு என்ன தெரியும்? வினையின் போக்கு அறிய முடியாத அளவு ஆழமானது என்று கீதையே (4.17) சொல்கிறது.

இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு பேச்சு உண்டு: "எல்லாம் தலையெழுத்துங்க, நாம என்ன பண்ண முடியும்." இப்படிச் சொல்கிறவர்கள் ஒருமுறை திருச்செங்கோட்டு வரலாற்றைப் படிக்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக்கு வந்து அங்கே தங்கியிருந்தபோது பனிக்காலம், கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்துக்கொண்டது. இந்த மண்ணின் இயல்பு அப்படி என்று அவர் விட்டுவிடவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடினார், சுரம் நீங்கியது என்கிறது பெரியபுராணம். அந்தப் பதிகத்தின் முதல் பாட்டே இதைத்தான் பேசுகிறது: "அவ்வினைக்கு இவ்வினையாம்" என்று சொல்லத் தெரிந்த நீங்கள், உய்யும் வழியைத் தேடாமல் சும்மா இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று கேட்கிறார். கையால் தொண்டு செய்து இறைவனைப் போற்றுவோம், செய்த வினை நம்மைத் தீண்டாது என்று அதற்குப் பதிலையும் அவரே தருகிறார். விதியை நம்பிக் கைகட்டி உட்காருவதற்கு எதிராக நம் மண்ணிலேயே பாடப்பட்ட பாட்டு இது. நம்மில் பலருக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

சாத்திரமும் எல்லா வினையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்லை. பல பிறவிகளில் சேர்ந்தது சஞ்சிதம், குதிரில் கிடக்கும் தானியம் மாதிரி. அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று எடுத்து உலையில் போட்டது பிராரப்தம். இப்போது நாம் விதைத்துக்கொண்டிருப்பது ஆகாமியம். மூன்றாவது நம் கையில்தான் இருக்கிறது.

பிறப்பைக் காட்டி ஒருவரைத் தாழ்த்துவதற்குக் கர்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவதும் நின்றபாடில்லை. டீக்கடையில் தனி டம்ளர் வைத்த ஊர்கள் நம்மிடமும் இருந்தன, அதற்குச் சொன்ன நியாயங்களில் இதுவும் ஒன்று. "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்ற திருமூலரைத் தேவைப்பட்ட இடத்தில் மறந்துவிட்டு மேடையில் மட்டும் சொன்னால் என்ன பயன்?

சரி, மறுபிறவிக்கு வருவோம். செத்தவர் மறுபடி நம் வீட்டிலேயே, மனிதராகவே பிறப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த உறுதியும் இல்லை. புல்லாகி, பூடாகி, புழுவாகி, மரமாகி என்று அடுக்கிக்கொண்டே போய், எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன் என்கிறார் மாணிக்கவாசகர். அந்த இளைப்புதான் இங்கே முக்கியம். மறுபடி பிறக்கலாம் என்பது நம் மரபில் கொண்டாட்டமான செய்தியே இல்லை, அதிலிருந்து விடுபடுவதுதான் கேட்க வேண்டிய வரம். கோவைக்குப் பக்கத்தில் பேரூர்க் கோயிலில் பிறவாப்புளி என்ற புளியமரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் வருகிறோம். அதன் விதை முளைக்காது, பேரூரில் உயிர்விட்டவருக்கு மறுபிறப்பு இல்லை என்பது அங்குள்ள நம்பிக்கை. சொர்க்கம் போய்ச் சேர்ந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் இதே வகைத் தவறு: புண்ணியம் தீர்ந்ததும் அங்கிருந்து திரும்பி வந்தாக வேண்டும் (கீதை 9.21). சொர்க்கம் வேறு, முக்தி வேறு.

அப்புறம், பவானி கூடுதுறையில் தர்ப்பணம் கொடுக்கும்போது பிள்ளைகள் கேட்பார்கள், "தாத்தா வேற எங்கயோ பொறந்திருந்தா இது யாருக்குப் போகும்?" நல்ல கேள்வி, அதட்டி வாயை அடைக்காதீர்கள். எந்தப் பிறவியில் இருந்தாலும் அதற்கேற்ற உணவாக அது போய்ச் சேரும் என்பதுதான் புராணங்கள் தரும் பதில்.

கடவுள் விஷயத்தில், "உங்களுக்கு முப்பத்து முக்கோடி சாமியா?" என்று யாராவது கேட்டால் நாம் ஏனோ தடுமாறுகிறோம். பிருகதாரண்யக உபநிடதத்தில் சாகல்யர் யாக்ஞவல்கியரிடம் தேவர்கள் எத்தனை பேர் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஆயிரக்கணக்கில் தொடங்கி 33, 6, 3, 2, ஒன்றரை என்று குறைந்து கடைசியில் 1 என்று வந்து நிற்கிறது. கொடுமுடியில் மும்மூர்த்திகளையும் ஒரே கோயிலில் கும்பிடுகிறவர்களுக்கும், திருச்செங்கோட்டில் பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீஸ்வரரைத் தரிசிக்கிறவர்களுக்கும் இது புரியாத சங்கதி இல்லை. நம் ஊர்த் தெய்வங்களான கருப்பராயனையும் கன்னிமாரையும் அண்ணன்மாரையும் "சின்ன சாமி" என்று ஒதுக்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். குலதெய்வம் கோயிலுக்கு ஒரு வருசம் போகவில்லை, அதனால்தான் சாமி குத்தம், தறி ஓடவில்லை, கல்யாணம் தள்ளிப்போகிறது என்று பயமுறுத்துவது அந்தத் தெய்வத்துக்கே அவமரியாதை. நம்மைக் காக்க எல்லையில் நிற்கிற சாமி, கடன்காரரைப் போல ஏன் நம்மைத் துரத்தப் போகிறது?

கடைசியாக ஒன்று. "நீயே கடவுள், இதுதான் இந்து மதம்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். அது சங்கரரின் அத்வைதத்துக்கு நெருக்கமான பேச்சு. உயிர் இறைவனுக்கு உடல் போன்றது என்பார் இராமானுஜர், இரண்டும் என்றும் வேறு வேறு என்பார் மத்வர். பன்னிரண்டே சூத்திரங்களில் மெய்கண்டார் தந்த சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுமே தொடக்கம் இல்லாதவை, முக்தியிலும் உயிர் இறைவனாகிவிடுவதில்லை. ஒரு சொற்பொழிவில் கேட்டது இன்னொன்றோடு முட்டினால், யார் சொன்னது சரி என்று சண்டைக்குப் போகும் முன், அவர் எந்த மரபில் நின்று பேசினார் என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.