லேட் என்றால் சுணக்கம் மட்டுமல்ல

என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும், ஓ.எல். சோதனை எழுதப்போகும் பிள்ளை ஒருத்தி, தன் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரியில் 'மை ஃபாதர் இஸ் லேட்' என்று இருந்தது. அவளுடைய அப்பா தவறி இரண்டு வருடம். எனக்கு அது தெரியும். சோதனைத் தாள் திருத்துகிறவருக்குத் தெரியாது. அவர் அதை 'அப்பா சுணங்கிவிட்டார்' என்றுதான் வாசிப்பார். அந்த வரியில் சிவப்புப் பேனையை வைக்க எனக்குக் கை வரவில்லை. பக்கத்தில் இருத்தி, இரண்டு பேருமாகச் சேர்ந்து திருத்தி எழுதினோம்.

அவள் அந்தச் சொல்லை எங்கே எடுத்தாள் என்பது தெரிந்ததுதான். எங்கள் ஊர்க் கலியாணக் கார்டுகளில் ஆங்கிலப் பக்கத்தில் 'லேட் மிஸ்டர் இன்னார்' என்று இருக்கும். மரண அறிவித்தலில் 'காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் பாசமிகு மகளும்' என்று தமிழில் எழுதுகிறோமே, அதற்கு ஈடாகப் போடுவது. கார்டில் சுருக்கமாக அப்படிப் போட்டால் யாருக்கும் விளங்கும். வசனத்துக்குள் கொண்டுவரும்போதுதான் சிக்கல்.

தமிழில் சுணக்கம் வேறு, காலஞ்சென்ற வேறு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது. எந்த வேலை என்பதை அது நிற்கும் இடம்தான் காட்டித் தரும். இறந்தவரைக் குறிக்க வேண்டுமென்றால் லேட் அந்த ஆளுக்கு முன்னால் நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் 'த' அல்லது 'மை', 'ஹிஸ்' போல ஒன்று வேண்டும். 'மை லேட் ஃபாதர் வோஸ் எ டீச்சர்' என்றால், காலஞ்சென்ற என் அப்பா ஆசிரியராக இருந்தவர். அதே லேட்டை 'இஸ்'ஸுக்குப் பின்னால் தள்ளினால் அவர் நேரம் பிந்தி வருகிறவர் ஆகிவிடுவார். இறந்த செய்தியையே சொல்ல வேண்டுமா, 'மை ஃபாதர் டைட் டூ இயர்ஸ் அகோ' என்று நேராகச் சொல்லுங்கள். அங்கே லேட் தேவையில்லை. 'மை லேட் ஃபாதர் டைட்' என்பது காலஞ்சென்றவர் காலமானார் என்பது போல இருக்கும்.

இதைவிடப் பாரதூரமான பிழை ஒன்று உண்டு. ஒரு பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரலில், ஓய்வுபெற்றுப்போன அதிபரை 'லேட் பிரின்சிபல்' என்று அச்சடித்திருந்தார்கள். அவர் முன் வரிசையில் வேட்டி சால்வையுடன் இருந்தார். முன்னாள் அதிபர் என்பதற்கு 'ஃபோமர் பிரின்சிபல்' என்றுதான் போட வேண்டும். ஃபோமர் என்றால் அந்தப் பதவி முடிந்துவிட்டது என்று மட்டும் அர்த்தம். லேட் என்றால் ஆளே இல்லை என்று அர்த்தம். அச்சுக்குக் கொடுக்கு முன்னர் இந்த ஒரு சொல்லையாவது இரண்டு பேர் பார்க்க வேண்டும்.

ஆனால் பழைய கடதாசிகளை வாசிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலாயாவுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். அந்தக் காலத்து ஆங்கில எழுத்தில் ஒருவரின் பெயருக்குப் பின்னால் 'லேட் ஒஃப் த எஃப்.எம்.எஸ். ரெயில்வேஸ்' என்று கண்டால், அவர் செத்துப்போனார் என்று எடுக்கக் கூடாது. எஃப்.எம்.எஸ். என்பது அன்றைய கூட்டு மலாய் மாநிலங்கள்; அந்த மலாயா ரெயில்வேயில் முன்னர் வேலை பார்த்தவர் என்பதுதான் பொருள். 'லேட் ஒஃப்' என்று சேர்ந்து வந்தால் முன்னர் அங்கே இருந்தவர். லேட்டுக்கு 'அண்மைக்காலத்தில்' என்ற பொருளும் இருந்ததால் வந்த வழக்கு இது. இறந்தவரைச் சொல்லும் லேட்டும் அந்த வேரிலிருந்துதான் வந்தது: அண்மைவரை நம்மோடு இருந்தவர். அதனால்தான் 1879 இல் மறைந்த ஆறுமுக நாவலருக்கு இன்று யாரும் லேட் போடுவதில்லை. எத்தனை வருடம் வரை போடலாம் என்று கட்டாய விதி இல்லை. வாசிக்கிறவர்களின் நினைவில் அவர் இன்னும் உயிருள்ள ஆளாக நிற்கிறாரா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது லேட்லி. 'குவிக்'குடன் 'லி' சேர்த்தால் 'குவிக்லி' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். அதனால் 'ஹி கேம் லேட்லி' என்று எழுதுகிறார்கள். லேட்லி என்றால் அண்மையில், இந்த நாட்களில். பிந்தி வந்தான் என்பதற்கு 'ஹி கேம் லேட்', அவ்வளவுதான். எத்தனை நிமிடம் என்று சொல்ல, 'டென் மினிட்ஸ் லேட்'.

வயது, மாதம் போன்ற காலத்தோடு சேரும்போது லேட்டுக்குப் பெரும்பாலும் பிந்துதல் என்ற பொருள் வராது, பிற்பகுதி என்றுதான் வரும். 'இன் ஹேர் லேட் ட்வென்டீஸ்' என்றால் 27, 28, 29 வயது. மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு நான் கொடுத்த பந்தி ஒன்றில் 'லேட் ஒக்டோபர் 1995' என்று வந்தது. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் சனம் யுத்தத்தால் 30 ஆம் திகதி வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த அந்த ஒக்டோபர். ஒரு பையன் அதைத் 'தாமதமான ஒக்டோபர்' என்று எழுதினான். அவன் அதற்குப் பின்னர் பிறந்தவன். 'ஒக்டோபர் பிற்பகுதி' என்று திருத்திவிட்டு, அந்த நாளைப் பற்றியும் அவனுக்குச் சொன்னேன். அன்று இலக்கணம் அத்துடன் நின்றுவிட்டது.

லேட்டஸ்டும் லாஸ்ட்டும் இப்போது பிழைபடுவது குறைவு. எழுத்தாளர் ஒருவரின் 'லேட்டஸ்ட் புக்' இதுவரை வந்ததில் புதியது, 'லாஸ்ட் புக்' என்றால் அதோடு முடிந்தது. உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவருக்கு முதலாவதைப் போடுங்கள்.

ஆனால் 'அட் த லேட்டஸ்ட்' என்று மூன்றும் சேர்ந்து வருவதில் இன்னும் தடுக்கி விழுகிறார்கள். விண்ணப்பத்தில் 'பை ஃப்ரைடே அட் த லேட்டஸ்ட்' என்று இருந்தால், கடைசி நாள் வெள்ளி, அதற்கு மேல் இல்லை. என்னிடம் படித்த ஒருவன் லேட்டஸ்ட் என்பதைப் பார்த்துவிட்டு, பிந்தியும் கொடுக்கலாமாக்கும் என்று திங்கட்கிழமை கந்தோருக்குக் கொண்டுபோனான். வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.