காயிலைக் குறை சொல்வதற்கு முன்: குளிர்காலத் தொடக்கத்தில் கீசர் சூடாகாவிட்டால் செய்ய வேண்டியவை

வட சென்னையில் கீசர் என்பது ஆண்டுக்கு மூன்று மாதம் மட்டுமே உழைக்கும் கருவி. மாசியில் அணைத்துவிட்டு மறந்துபோகிறோம்; கார்த்திகைக் கடைசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் விடியற்காலையில் உடம்பைச் சிலிர்க்க வைக்கும்போதுதான் அதன் நினைவு வருகிறது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலுள்ள 15 லிட்டர், 2,000 வாட் கீசரும் சென்ற கார்த்திகையில் விளக்கை மட்டும் எரியவிட்டு, தண்ணீரைக் குளிர்ந்தபடியே தந்தது. "காயில் போயிருக்கும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னதை நம்பி, தண்ணீரைச் சூடாக்கும் அந்தப் பாகத்தைப் புதிதாக வாங்கி மாட்டினேன். அப்போதும் தண்ணீர் சூடாகவில்லை. அந்தச் செலவுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட வரிசை இது.

முதல் படி, உண்மையில் பழுது இருக்கிறதா என்று பார்ப்பது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2,000 வாட் காயிலுக்கு ஏறத்தாழ 18 நிமிடங்கள் ஆகும். அரை மணி நேரம் கழித்தும் வெதுவெதுப்புகூட இல்லையென்றால் பழுது உறுதி. இந்தக் கீசர் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். சாக்கெட் கருகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இரண்டாம் படி, மின்சாரத்தைத் துண்டிப்பது. சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். பழைய வீடுகளில் பேஸும் (மின்சாரம் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பும் ஒயர்) இடம் மாறியிருந்தால், சுவிட்ச் அணைந்த நிலையிலும் காயிலில் மின்சாரம் இருக்கும். மின்பெட்டியிலுள்ள எம்.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சை இறக்கிவிட்டு, பிளக்கையும் உருவி வைத்த பிறகே கீழ்மூடியின் திருகுகளைத் தொட வேண்டும். சோதிப்பதற்கு ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை நான் நம்புவதில்லை. நியூட்ரல் அறுந்திருந்தாலும் அது பளிச்சென்று எரிந்து ஏமாற்றும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும் மிகச் சாதாரண மல்டிமீட்டர் (மின்சாரம் அளக்கும் கருவி) அதைவிட எத்தனையோ மேல்.

மூன்றாம் படிதான் நான் சறுக்கிய இடம். மூடியைக் கழற்றினால் காயில் முனைகளுக்கு அருகே, தண்ணீர் போதிய அளவு சூடானதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கும். அதோடு சேர்ந்தோ தனியாகவோ கட்-அவுட் என்ற சிறு பாகமும், அதன் நடுவே பொட்டு அளவில் ஒரு பொத்தானும் இருக்கும். தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் அளவு மீறிக் கொதிக்கும்போது, கட்-அவுட் இணைப்பைத் துண்டித்துவிடும். அது தானாக மீளாது. பொத்தானை 'டக்' என்ற ஓசை வரும்வரை அழுத்தினால்தான் மீளும். நான் காயிலை மாற்றிய அன்று அந்தப் பொத்தான் என் கண்ணெதிரே இருந்தும், அதைத் திருகின் தலை என்று நினைத்துக் கடந்துவிட்டேன். பிறகு அந்தப் பொத்தானை அழுத்தியதும் கீசர் சூடானது. ஆனால் மறுநாளே மீண்டும் நின்றுவிட்டது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது: மாசியில் கடைசியாகக் குளித்த நாள்களில் தண்ணீர் கை வைக்க முடியாத கொதிநிலையில் வந்தது, நாங்களும் "கீசர் நன்றாக வேலை செய்கிறது" என்று மகிழ்ந்திருந்தோம். உண்மையில் தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆகவே பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மறுபடியும் துண்டித்தால் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். கட்-அவுட்டைத் தவிர்த்து ஒயரை நேராக இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் கொதிக்கும் தொட்டிக்கும் நமக்கும் இடையே அது ஒரு முக்கியமான காவல்.

நான்காம் படி, காயிலை அளப்பது. ஒயர்களைக் கழற்றிவிட்டு இரு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரில் மின்தடையை அளந்தால் 2,000 வாட் காயில் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். எண்ணே வரவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது. முனைக்கும் தொட்டியின் உலோகத்துக்கும் இடையே ஏதேனும் தொடர்பு காட்டினால் காயிலின் உறை வெடித்திருக்கிறது. அதை இனி ஒரு நாள்கூடப் பயன்படுத்தக் கூடாது.

உறை வெடிப்பதற்கு நம் பகுதியில் பெரிய காரணம் தண்ணீர்தான். மீஞ்சூர் கடல்நீர் குடிநீராக்கும் நிலையத்தின் தண்ணீர் 2010-இல் வட சென்னைக்கு வரத் தொடங்கினாலும், குளிக்கவும் துவைக்கவும் பல வீடுகளில் இன்னும் உப்பான போர்வெல் தண்ணீரே ஓடுகிறது. அதன் சுண்ணாம்பு காயிலின் மேல் ஓடாகப் படிந்து, வெப்பத்தை வெளியே விடாமல் காயிலையே சுட்டுவிடுகிறது. காயிலைக் கழற்றும்போது படிவை உளியால் தட்டாமல், வெந்நீரில் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊறவைத்து நீக்குங்கள். உள்ளேயிருக்கும் மெக்னீசியக் கம்பி, தொட்டி துருப்பிடிக்காமல் தன்னையே கரைத்துக்கொள்வது; விரல் தடிமன்கூட இல்லாமல் இளைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். தண்ணீர் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டை மறுபடி மாட்ட வேண்டாம்.

பின்சேர்க்கை 1: காயிலைக் கழற்றும் முன் தொட்டியைக் காலி செய்ய முயன்றபோது ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை என்று கொடுங்கையூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு வெளிப்படையாகத் தோன்றியதை எழுதாமல் விட்டது என் தவறு. வரும் குழாயின் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்று புக வழிவிட்டு, தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் வால்வை நுழைவாயிலிலிருந்து கழற்றினால்தான் தொட்டி காலியாகும்.

பின்சேர்க்கை 2: வேலை முடிந்ததும் சுவிட்சைப் போட்டவுடன் புதுக் காயில் எரிந்துபோனதாகத் திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி எழுதினார். காலித் தொட்டியில் மின்சாரம் பாய்ந்திருக்கிறது. வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்று சீறுவது நின்று தண்ணீர் முழுத் தாரையாக வந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.