தெருவில் பாழாய்க் கிடக்கும் காலிமனையை நாலு பேர் சேர்ந்து சரிசெய்வது எப்படி?

மடிப்பாக்கம், கொளத்தூர், வளசரவாக்கம் என்று சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு காலிமனையாவது முள் மண்டிக் கிடக்கும். யாரோ ராத்திரியில் ரப்பீஷ் (கட்டட இடிபாடு) கொட்டிவிட்டுப் போவார்கள், ஐப்பசி பிறந்தால் தண்ணீர் நிற்கும். எங்கள் தெருவில் அப்படிக் கிடந்த ஒரு மனையில் இப்போது பிள்ளைகள் ஷட்டில் ஆடுகிறார்கள், ஓரத்தில் கீரை வளர்கிறது. எப்படிச் செய்தீர்கள் என்று நிறைய பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

படி 1: ஆள் சேர்ப்பது

மனைக்கு இரண்டு பக்கத்து வீடுகள், பின்வீடு, எதிர்வீடு. இவர்கள் போதும். கொசுவும் பாம்பும் முதலில் போவது இவர்கள் வீட்டுக்குத்தான் என்பதால் கடைசிவரை நிற்பார்கள். வாட்ஸ்ஆப் குழுவைத் தகவல் சொல்ல மட்டும் வைத்துக்கொண்டு, முடிவு எடுப்பதைச் சாயங்காலம் மனை முன்னால் நின்று பேசி எடுங்கள். பணம் ஒருவர் கையில், பில் எல்லார் பார்வையிலும்.

படி 2: சொந்தக்காரரைப் பிடிப்பது

பெரும்பாலானவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். முதலில் மதில் சுவரைப் பாருங்கள், போஸ்டருக்கு அடியில் பெயரும் பாதி அழிந்த போன் நம்பரும் இருக்கும். தெருமுனை அயர்ன்காரரையும் பழைய வீட்டுமனை புரோக்கரையும் கேளுங்கள். அதிலும் கிடைக்கவில்லை என்றால்தான் சர்வே எண். அரசின் இ-சேவை தளத்தில் பட்டாவும், பதிவுத்துறை தளத்தில் வில்லங்கமும் (இடம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற பதிவு) பார்க்கலாம்.

எங்களை வெகுநாள் நிறுத்தி வைத்தது இந்த எண்தான். பத்திரத்தில் இருப்பது பழைய கிராம சர்வே எண். நகர நில அளவை முடிந்த இடங்களில் பதிவேட்டில் இருப்பது வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்). ஒன்றை இன்னொன்றின் கட்டத்தில் போட்டால் 'விவரம் இல்லை' என்றுதான் வரும். பக்கத்து வீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். ஒரே லேஅவுட் என்றால் பழைய எண்ணும் பிளாட் எண்ணும் நான்கெல்லையோடு அதிலேயே இருக்கும், அதை வைத்து வில்லங்கம் போட்டால் பெயர் வந்துவிடும்.

படி 3: கடிதம்

சொந்தக்காரரோடு பேசும்போது கீரை, பார்க் என்று ஆரம்பிக்காதீர்கள். 'உள்ளே விட்டால் இடம் போய்விடும்' என்பதுதான் அவருடைய பயம், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவிப்பவர் 'எதிரிடை அனுபவம்' என்று சொல்லி அந்த இடத்தைத் தனக்கே உரிமையாகக் கோர முடியும். ஆனால் அவருடைய அனுமதியோடு இருப்பது அந்தக் கணக்கில் வராது. எனவே கடிதத்தில் இவை இருக்கட்டும்: இடம் அவருடையது, நாங்கள் அவர் அனுமதியில் பயன்படுத்துகிறோம், வாடகை இல்லை, நிரந்தரக் கட்டுமானம் இல்லை, கேட்டால் இத்தனை நாளில் காலி செய்வோம். 11 மாதத்துக்கு எழுதிப் புதுப்பித்துக்கொள்ளலாம். கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். காலிமனை வரியை அவர் பெயரிலேயே அவரே கட்டட்டும். வாசலில் 'இன்னாருக்குச் சொந்தமான இடம்' என்று நீங்களே ஒரு பலகை வைத்துப் போட்டோ அனுப்புங்கள், அந்தப் பலகையைப் பார்த்த பிறகுதான் எங்கள் மனைக்காரர் மனம்விட்டுப் பேசினார்.

படி 4: சுத்தம்

சீமைக் கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு தோண்ட வேண்டும். அதற்கு மட்டும் ஜேசிபி சொல்லுங்கள், மற்றதற்கு மண்வெட்டியும் கடப்பாரையும் கம் பூட்டும் போதும். பிரஷ் கட்டர் எனக்குப் பிடிக்காது, புதருக்குள் கிடக்கும் கல்லையும் பாட்டில் துண்டையும் அது முகத்தில் அடிக்கும். கொட்டாங்குச்சி, பழைய டயர், பிளாஸ்டிக் கப், இவற்றை முதலில் பொறுக்குங்கள். டெங்கு கொசு முட்டை வைப்பது பெரும்பாலும் இவற்றில் தேங்கும் தண்ணீரில்தான். ரப்பீஷை எடுக்க மாநகராட்சிப் புகார் எண் 1913க்குச் சொல்லலாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், மனையை ரப்பீஷ் போட்டு மேடாக்காதீர்கள். அங்கே நின்ற மழைத் தண்ணீர் அத்தனையும் பக்கத்து வீட்டுக்குள் போகும். தெருவைவிடத் தாழ்வாகவே விட்டு, நடுவில் ஒரு உறைகிணறு இறக்கினால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். உறைக்கு மூடி கட்டாயம், பிள்ளைகள் ஆடும் இடம்.

படி 5: பயன்பாடு

இடிபாட்டு மண்ணில் பெயின்ட் துகள் கலந்திருக்கலாம், அதனால் கீரையும் காயும் குரோ பேக்கில்தான். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் சமபங்கு போதும். எடுத்துக்கொண்டு போகவும் சுலபம். மரம் வைக்க வேண்டாம், திருப்பிக் கொடுக்கும் நாளில் அதை வெட்ட மனசு வராது, சண்டைதான் வரும்.

பின்சேர்க்கை: படித்த சிலர் கேட்டவை

சொந்தக்காரர் இறந்திருந்தால் வில்லங்கத்தில் பழைய பெயரே காட்டும். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிள்ளை மட்டும் சம்மதித்தால் தொடங்காதீர்கள்.

மனை ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமாக இருந்தால் கதையே வேறு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். அது மாநகராட்சி இடம், தனியார் கடிதம் செல்லாது. லேஅவுட் வரைபட நகலோடு மண்டல அலுவலகத்தில் மனு கொடுங்கள், கவுன்சிலருக்கும் ஒரு பிரதி. பூங்காவாகக் கேளுங்கள், பராமரிப்பில் தெருக்காரர்கள் பங்கெடுப்போம் என்று அதிலேயே எழுதிக் கொடுங்கள்.