சூப்பர் ஹீரோ படத்தின் கேமைப் பிள்ளைக்கு வாங்கலாமா? பார்க்கும் முறை இதுதான்

2009 மே 1 அன்று ‘எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்’ படமும் அதன் கேமும் அமெரிக்காவில் ஒரே நாளில் வந்தன. படத்துக்கு பி.ஜி.-13, அதாவது பெற்றோர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சின்னப் பிள்ளையையும் கூட்டிப்போகலாம். கேமுக்கு எம், 17 வயதுக்கு மேல். படத்தில் ஹீரோ வுல்வரினின் கையிலிருந்து நகம் பாயும்போது கேமரா நாசூக்காக ஒதுங்கிக்கொள்ளும். கேமில் கை துண்டாகும், தலை உருளும், ஹீரோவே அடிவாங்கினால் சதை பிய்ந்து விலா எலும்பு தெரியும், அப்புறம் அது கண்ணெதிரே மெல்ல வளர்ந்து மூடும். படம் பார்த்த பத்து வயதுப் பையன் கேட்பது இந்த கேமைத்தான், ஏனென்றால் ஹீரோ அதே ஹீரோ.

அதனால் படத்துக்கு நம் சென்சார் போர்டு என்ன சான்றிதழ் கொடுத்தது என்பதை இங்கே மறந்துவிடுங்கள். அது படத்துக்கு மட்டும்தான். கேமைத் தனியாகத்தான் எடை போட வேண்டும்.

முதலில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். மேலே சொன்ன ரத்தக்களரி பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, கம்ப்யூட்டர் பதிப்புகளில் இருப்பது. பிளேஸ்டேஷன் 2, நின்டெண்டோ வீ, கையடக்க மெஷினான பி.எஸ்.பி. ஆகியவற்றுக்கு அதே பெயரில் வந்தது அடக்கி வாசித்த வேறு கேம், 13 வயதுக்கு மேல் என்று ரேட்டிங் வாங்கியது. ஹீரோவைப் பயன்படுத்தும் லைசென்ஸ் காலம் முடிந்ததும் இந்த மாதிரி கேம்களை ஆன்லைன் ஸ்டோர்களிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம், அதனால் பழையவை பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் டிஸ்க்காகத்தான் கைக்கு வரும். கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று சொல்வார். எந்த மெஷினுக்கானது, அட்டையில் என்ன ரேட்டிங் இருக்கிறது என்று பார்த்துவிட்டே காசை எடுங்கள்.

சரி, ரேட்டிங். இரண்டு அமைப்புகளின் முத்திரையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அமெரிக்காவின் ஈ.எஸ்.ஆர்.பி. எழுத்தில் சொல்லும்: ஈ எல்லாருக்கும், ஈ10+ பத்துக்கு மேல், டி 13, எம் 17. ஐரோப்பாவின் பெகி நேரடியாக 3, 7, 12, 16, 18 என்று வயதையே போட்டுவிடும். இரண்டும் எப்போதும் ஒத்துப்போகாது. 2018இல் வந்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன்’ அமெரிக்கக் கணக்கில் 13, ஐரோப்பியக் கணக்கில் 16. (அது எந்தப் படத்தின் கேமும் இல்லை, கதையே வேறு. ஆனால் ஸ்பைடர்மேன் படம் பார்த்த பிள்ளை கேட்பது அதைத்தான்.) இப்படி முட்டிக்கொண்டால் நான் கண்டிப்பானவர் பக்கம்.

எண்ணோடு நிறுத்தாதீர்கள். ஈ.எஸ்.ஆர்.பி. தளத்தில் கேமின் பெயரைத் தேடினால் பல கேம்களுக்கு ஒரு பத்தி விளக்கமே இருக்கும், யார் யாரை எதால் அடிக்கிறார்கள், ரத்தம் வருமா, என்ன கெட்ட வார்த்தை வருகிறது என்பதுவரை பச்சையாக எழுதியிருப்பார்கள். வாங்கும் முன் படிக்க இதைவிடப் பயனுள்ள பத்தி கிடையாது. ஆனால் ஆன்லைனில் மற்ற ஆட்டக்காரர்கள் பேசுவதற்கு அந்த ரேட்டிங் பொறுப்பேற்காது. மைக்கில் யாரோ திட்டுவதை எந்த எண்ணும் சொல்லாது.

அடுத்தது வீடியோ. டிரெய்லரை நம்பாதீர்கள், அது விற்பதற்கென்றே வெட்டி ஒட்டியது. யாரும் பேசாமல் விளையாடிக் காட்டும் வீடியோவை யூடியூபில் பிடித்து, ஆரம்பத்தைத் தள்ளிவிட்டு நடுவிலிருந்து இருபது நிமிடம் பாருங்கள். எதிரி விழுந்தபின் என்ன ஆகிறான்? ஹீரோ தோற்றால் திரையில் என்ன தெரிகிறது? எதைச் செய்தால் பாயின்ட் கொட்டுகிறது? படத்தில் ஒரு அடி இரண்டு வினாடியில் போய்விடும், கேமில் அதே அடியைப் பிள்ளையின் விரல் வாரக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கும். எல்லாமே பொம்மைக் கட்டைகளாலான ‘லெகோ தி இன்கிரெடிபிள்ஸ்’ கேமில் எதிரி பொலபொலவென்று கட்டைகளாக உதிர்ந்துபோவான், தோற்றால் கொஞ்சம் காசு சிதறும், அதே இடத்தில் மறுபடி எழுந்து ஓடலாம். 2013இல் வந்த ‘லெகோ மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ கேமிலும் வுல்வரின் உண்டு, அவன் அடிபட்டு எலும்புக்கூடாகி மறுபடி உடம்பு தேறுவதும் உண்டு. சக்தி அதேதான், ஆனால் பொம்மை எலும்புக்கூட்டைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆக, “வன்முறை இருக்கா இல்லையா” என்று கேட்பதில் பயனில்லை. எப்படிக் காட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

கதையையும் விட்டுவிடாதீர்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அந்த 2018 ஸ்பைடர்மேனில் சண்டை ஒன்றும் பயங்கரமில்லை. ஆனால் ஒரு பையனின் அப்பா குண்டுவெடிப்பில் சாகிறார், கடைசியில் ஹீரோவை வளர்த்த மே அத்தை படுத்த படுக்கையில், மருந்து கையில் இருந்தும் அவளுக்குக் கொடுக்க முடியாத நிலையில் பீட்டர், அதாவது ஸ்பைடர்மேன், அழுதுகொண்டிருக்க, உயிரை விடுகிறாள். (முழுக் கதையையும் போட்டு உடைத்துவிட்டேன், பெற்றோருக்குத் தெரிவது நல்லதுதான்.) அண்மையில் பாட்டியைப் பறிகொடுத்த வீட்டில் இதை எட்டு வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

போனில் வரும் இலவச கேம் என்றால் ரத்தத்தை விடப் பணத்துக்குப் பயப்படுங்கள். பிளே ஸ்டோர் பக்கத்தில் ‘இன்-ஆப் பர்ச்சேஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதிலும் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துப் பெட்டி திறக்கும் வகை இருக்கிறதே, அது சூதாட்டத்துக்குச் சித்தப்பா பிள்ளை, பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. 2020 முதல் ஈ.எஸ்.ஆர்.பி. அதைத் தனியாகவே குறிப்பிடுகிறது.

இன்னொன்று, தரம். படத்தின் ரிலீஸ் தேதிக்குள் முடித்தாக வேண்டுமென்று அவசர அவசரமாகச் செய்ததால் படத்தின் கேம்களில் பல அரைவேக்காடு. கேமரா சுவரில் போய் முட்டிக்கொள்ளும், ஒரே கட்டத்தை இருபது தடவை ஆடினாலும் தாண்ட முடியாது. பிள்ளை கன்ட்ரோலரைத் தூக்கியடித்தால் வன்முறைக் காட்சிதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம், கேமே மட்டமாக இருக்கலாம். ஈஸி மோட் உண்டா, ஒரே வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். லெகோ வகையில் இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு நீங்களே உள்ளே குதித்துவிடலாம்.

வாங்கியபின் முதல் நாள் டிஸ்க்கைப் போடுவதற்கு முன்பே மெஷினில் பெற்றோர் கட்டுப்பாட்டைப் போட்டுவிடுங்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் எல்லாவற்றிலும் உண்டு. வயது வரம்பு, வாங்கும் வசதி, மற்றவர்களோடு பேசுவது எல்லாவற்றையும் அங்கேயே பூட்டலாம், ஸ்விட்சுக்குத் தனி மொபைல் ஆப்பே இருக்கிறது, எவ்வளவு நேரம் ஆடினான் என்று அது காட்டும். பின் நம்பராக மட்டும் பிள்ளையின் பிறந்த வருஷத்தை வைக்காதீர்கள், வாண்டுகள் முதலில் அடித்துப் பார்ப்பது அதைத்தான்.