பழைய வெபர் டிசிஓஇ ஜோடிக்கு விலை வைப்பது எப்படி?

கிளாசிக் கார்களுக்கான பெர்ஃபார்மன்ஸ் கார்புரேட்டர்களில் அதிகம் கைமாறுவது வெபர் டிசிஓஇ. பக்கவாட்டில் மாட்டும் வகை, ஒரே உடலில் இரண்டு குழல். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஜோடிகளுக்கு விலை இரண்டு மடங்கு வித்தியாசப்படலாம். அதற்குக் காரணம் மூன்று: மூடியில் பொறித்திருக்கும் எண், ஸ்பிண்டில் (குழலை மூடித் திறக்கும் தகடுகளைத் தாங்கும் அச்சு) நேராக இருக்கிறதா என்பது, ஜோடி நிஜமாகவே ஜோடிதானா என்பது. பளபளப்பு இந்தக் கணக்கில் வராது.

கையில் வேண்டியவை: பொருந்தும் அளவில் தட்டைத் திருப்புளி, சிறிய டார்ச், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு நோட்டு.

படி 1: எண்ணைப் படியுங்கள்

மேல் மூடியில் "40 டிசிஓஇ 18" என்பது போலப் பொறித்திருக்கும். 40 என்பது பட்டர்ஃபிளை (குழலை மூடித் திறக்கும் அந்தத் தகடு) இருக்கும் இடத்தில் குழலின் விட்டம், மில்லிமீட்டரில். கடைசி எண்தான் எந்தக் காருக்காகச் செய்தது என்று சொல்லும். 40 டிசிஓஇ 18 லோட்டஸ் எலானுக்கு. 45 டிசிஓஇ 14 ஆல்ஃபா ரோமியோ ஜிடிஏவுக்கு. காரைத் தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்கே கொண்டுவர நினைப்பவர் அந்த எண்ணுக்காகவே கூடுதல் கொடுப்பார். 45 டிசிஓஇ 9 கொஞ்சம் ஏமாற்றும். ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 வான்டேஜில் மூன்று இருந்தது உண்மைதான், ஆனால் அதே எண் பொதுச் சந்தையிலும் ஏராளமாக விற்றது. அதை அபூர்வம் என்று விளம்பரம் செய்தால் விவரம் தெரிந்தவர் நகர்ந்துவிடுவார்.

மூடி திருகில் நிற்கிறது, கழற்றி வேறு உடலில் மாட்டலாம். அதனால் மூடியை மட்டும் நம்பாதீர்கள். பட்டர்ஃபிளைக்கு நேர் மேலே இருக்கும் சிறு பித்தளை மூடியைத் திறந்தால் புரோக்ரஷன் துளைகள் தெரியும், த்ராட்டில் லேசாகத் திறக்கும்போது பெட்ரோல் வரும் சிறு துளைகள் இவை. அவற்றின் எண்ணிக்கையும் இடமும் மாடலுக்கு மாடல் மாறும். இரண்டு கார்புரேட்டரிலும் அவை ஒத்துப்போகவில்லை என்றால், எண் ஒன்றாக இருந்தாலும் அது ஜோடி இல்லை. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) இருந்து வேகமெடுக்கும்போது ஒரு பக்கம் திணறும், எந்த ட்யூனிங்கும் அதைச் சரிசெய்யாது.

படி 2: எங்கே செய்தது?

பழையவை இத்தாலியின் பொலோன்யாவில் வார்த்தவை. வார்ப்பிலேயே அந்த ஊர்ப் பெயர் இருக்கும். பின்னாளில் உற்பத்தி ஸ்பெயினுக்குப் போனது. இன்று புதிதாகக் கிடைக்கும் 40 டிசிஓஇ 151, 45 டிசிஓஇ 152 ஸ்பெயினில் இருந்து வருபவை. ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் புதிது கடையில் கிடைப்பதால், அதன் விலைதான் பழையதற்கு உச்சவரம்பு. இத்தாலிய வார்ப்புக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை, தேவைக்கேற்ப ஏறும். அதே உருவத்தில் வரும் மலிவு நகல்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். வேறு நிறுவனத்தின் கார்புரேட்டரான டெல்லோர்ட்டோ டிஹெச்எல்ஏ பார்வைக்கு ஒத்திருந்தாலும் அதன் ஜெட்டுகள் (பெட்ரோலையும் காற்றையும் அளந்து விடும் சிறு துளையுள்ள பாகங்கள்) வெபருக்குப் பொருந்தாது. அதற்கு விலையைத் தனியாகத் தேடுங்கள்.

படி 3: ஸ்பிண்டில்

நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஐடில் திருகை முழுக்கப் பின்வாங்கி, பட்டர்ஃபிளைகளைத் தானாக மூட விடுங்கள். டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு குழலிலும் ஒளிக்கீற்று ஒரே மெல்லிசாகத் தெரிந்தால் நல்லது. ஒன்று இறுக மூடி, மற்றதில் பிறை போல வெளிச்சம் வந்தால் ஸ்பிண்டில் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டருக்கு ஸ்டாப் வைக்காமல் மிதித்தவர்கள், லிவர் நட்டைக் கழற்றும்போது ஸ்பிண்டிலை எதிர்ப்பக்கம் பிடிக்காமல் திருகியவர்கள் செய்யும் வேலை இது. பிறகு மெதுவாகத் திறந்து மூடுங்கள். இரண்டு முனையிலும் பால் பேரிங் இருக்கிறது. மணல் அரைவது போல விரலுக்குத் தெரிந்தால் பேரிங் துருப்பிடித்திருக்கும்.

சரிசெய்யலாம், ஆனால் சுலபமில்லை. பட்டர்ஃபிளைத் திருகுகளின் முனையைத் தட்டி விரித்திருப்பார்கள், அதை அரைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பேரிங்கை இழுக்கத் தனிக் கருவி வேண்டும். பழைய திருகைத் திரும்பப் போடக்கூடாது, கழன்றால் நேராக எஞ்சினுக்குள் போகும். ஆகவே இந்தக் குறைக்குப் பாகங்களின் விலையோடு வேலைக்கூலியையும் சேர்த்துக் கழியுங்கள்.

படி 4: மிக்ஸர் திருகும் உடலும்

ஐடில் கலவையை அளக்கும் நான்கு மிக்ஸர் திருகுகளையும் எடுத்து முனையை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல முனை ஊசி போலச் சீராகக் குறுகும். கூம்பைச் சுற்றி வளையம் விழுந்திருந்தால் யாரோ அழுத்தி இறுக்கியிருக்கிறார். திருகு மலிவு, மாற்றலாம். கவலை எதிர்ப்பக்கத்தில்: அந்த அழுத்தத்தில் உடலில் இருக்கும் துளை விரிந்திருக்கும் அல்லது ஓரத்தில் கீறல் விட்டிருக்கும். குழலுக்குள் டார்ச் அடித்துத் துளை வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். முனை ஒடிந்து உள்ளேயே மாட்டியிருந்தால் அந்த உடலை உதிரிபாகமாகவே கணக்கிடுங்கள்.

மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் கலவை போகும் குழாயில்) பொருத்தும் காதுகளையும் பாருங்கள். டிசிஓஇ ரப்பர் வளையத்தின் மேல் கொஞ்சம் ஆடும்படி, ஸ்பிரிங் வாஷரோடு மாட்ட வேண்டியது. சாதாரண நட்டு போல இறுக்கினால் காது வளையும், விரிசல் விடும்.

மணல், கண்ணாடித் தூள் அடித்துப் பளபளப்பாக்கியவற்றில் எச்சரிக்கை வேண்டும். உள்ளே இருக்கும் நுண்வழிகளில் தூள் தங்கிவிடும். அந்த வழிகளை அடைத்திருக்கும் ஈய அடைப்புகளைத் திறந்து சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால், சுத்தம் செய்யாததாகவே விலை வையுங்கள்.

படி 5: உள்ளே

மூடியைக் கழற்றினால் ஃப்ளோட் கிண்ணம், பெட்ரோல் தேங்கும் இடம். அடியில் வெள்ளைப் பொடி இருந்தால் பெட்ரோலில் இருந்த தண்ணீர் அலுமினியத்தை அரித்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலோடு ஆண்டுக்கணக்கில் கிடந்தவற்றில் இது சகஜம். மேலோட்டமான கறை என்றால் பரவாயில்லை. மெயின் ஜெட் உட்காரும் இடத்தில் குழி விழுந்திருந்தால் பாதி விலைகூடக் கிடைக்காது. பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே சலசலத்தால் ஓட்டை. கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் இரண்டு குழலிலும் ஒரே நேரத்தில் தாரை பீய்ச்ச வேண்டும்.

படி 6: எண்ணிப் பாருங்கள்

ஜோடிக்கு மெயின் ஜெட், ஏர் ஜெட், எமல்ஷன் குழாய், ஐடில் ஜெட், பம்ப் ஜெட், பெரிய வெஞ்சுரி, சிறிய வெஞ்சுரி எல்லாமே நான்கு நான்கு. வெஞ்சுரி என்பது குழலுக்குள் காற்று வழியைக் குறுக்கும் பாகம். பெரிய வெஞ்சுரியை வெபர்காரர்கள் "சோக்" என்பார்கள். நம் ஊர் மெக்கானிக் காலையில் இழுக்கும் சோக் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் மேல் மில்லிமீட்டர் எண் இருக்கும், நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜெட் அளவு தவறாக இருந்தால் விலை குறையாது, வாங்குபவர் எப்படியும் தன் எஞ்சினுக்கு மாற்றுவார். துளைபோட்டுப் பெரிதாக்கிய ஜெட்டுக்கு மட்டும் மதிப்பே இல்லை, மேலே உள்ள எண் இனி பொய். சிறிய வெஞ்சுரியோ ட்ரம்பெட்டோ (காற்று நுழையும் புனல்) குறைந்தால் தனியாக வாங்கும் விலையைக் கழியுங்கள்.

படி 7: விலை

ஏலத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டி, உங்கள் எண்ணுக்கே உரிய ஐந்தாறு ஜோடிகளைக் குறித்து, மிக அதிகத்தையும் மிகக் குறைவையும் விட்டு நடுவில் நிற்பதை எடுங்கள். அது ஓடும் நிலையில் உள்ள ஜோடியின் விலை. அதை 100 என்று வையுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு 45 டிசிஓஇ 152 ஜோடியில் கழிப்பவை இவை. சர்வீஸ் கிட் இரண்டும் சுத்தம் செய்வதும் 10. ஒரு ஸ்பிண்டில் முறுக்கு, கூலியோடு 15. ட்ரம்பெட் நான்கும் இல்லை, 6. எஞ்சினில் ஓடிப் பார்க்க முடியாததற்கு 10. மீதி 59. 65 கேளுங்கள், 55க்குக் கீழே இறங்காதீர்கள். இந்தக் கழிவுகள் கணக்கைக் காட்டுவதற்காக மட்டுமே. உங்கள் பாகக் கடையின் விலைப்பட்டியலை வைத்து நிரப்பிக்கொள்ளுங்கள். புதியதன் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால் 152ஐ யாரும் தொடமாட்டார்கள்.

ஒற்றை கார்புரேட்டர் ஜோடியின் பாதி விலைக்குப் போகாது, ஜோடியின் விலை 100 என்றால் ஒன்று 40க்குப் போனால் நல்ல விலை. 45 டிசிஓஇ மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு: பழைய மினியின் ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு ஒன்றே போதும், அதனால் தேடி வருபவர் உண்டு. மூன்றும் ஒரே எண்ணில் இருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். டாட்ஸன் 240இசட், ஆஸ்டன் வைத்திருப்பவர்கள் மூன்றாவதற்காக வருடக்கணக்கில் அலைவார்கள்.

உடல் போய்விட்டது என்று தெரிந்தால் முழுதாகத் தள்ளிவிடாமல் பிரித்து விற்பதே மேல். மூடி, ஜெட் மூடி, சிறிய வெஞ்சுரி, லிவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். விளம்பரத்தில் குறையை டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு போடுங்கள், பிறை வெளிச்சத்தையும் சேர்த்து. அனுப்புவதற்கு முன் கிண்ணத்தைக் காலி செய்து இரண்டு நாள் காய விடுங்கள். பெட்ரோல் வாசனை இருந்தால் கூரியரில் எடுக்க மாட்டார்கள்.