தெருவுக்கு நாலு பேருக்காவது கேக்கத் தெரியணும்: ஊர்ல தற்கொலை தடுப்பு பயிற்சி நடத்துறது எப்படி

டாக்டரை கூட்டிட்டு வந்து மைக்க கையில குடுத்து ஒரு மணி நேரம் பேச வச்சு போட்டோ எடுத்துட்டா அது பயிற்சி இல்லைங்க, கூட்டம். மனசு விட்டுப்போனவங்க பெரும்பாலும் முதல்ல டாக்டர்கிட்ட போறதில்ல, குழு அக்காகிட்டயோ டீக்கடை அண்ணன்கிட்டயோதான் ரெண்டு வார்த்தை விடுவாங்க, அந்த ரெண்டு வார்த்தைய பிடிச்சுக்கத் தெரியணும், அதுக்குத்தான் இது.

மகளிர் குழு தலைவி, கிராம சுகாதார செவிலியர், உரக்கடைக்காரர், ட்யூஷன் டீச்சர், சலூன் தம்பி, இவங்களத்தான் முதல்ல கூப்பிடணும். இருபது பேருக்கு மேல வேணாம், ஒவ்வொருத்தரும் வாயத் திறந்து பேசிப் பழகணும்ல. சொல்லிக்குடுக்க ஆள் வேணும்னா மாவட்ட மனநலத் திட்டம்னு ஒரு டீம் இருக்கு, மாவட்ட அரசு ஆஸ்பத்திரில விசாரிங்க.

பாதி நேரத்த ஒரே ஒரு கேள்விக்கு ஒதுக்கிடுங்க. எல்லாரும் "தப்பான முடிவு எதுவும் எடுத்துட மாட்டல்ல?"ன்னுதான் கேப்பாங்க, அதுக்கு "இல்லக்கா"ன்றத தவிர வேற என்ன பதில் வரும்? நேராவே கேக்கணும்: "தம்பி, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" ஜோடி ஜோடியா உக்கார வச்சு சத்தமா கேக்கச் சொல்லுங்க, முதல் தடவ சிரிப்பாங்க, சில பேருக்கு தொண்டை அடைக்கும், பரவால்ல, திரும்பக் கேக்கட்டும். நாமளே எடுத்துக்குடுத்த மாதிரி ஆயிடாதான்னு யாராவது கண்டிப்பா கேப்பாங்க. ஆகாது, கேட்டதால அந்த எண்ணம் வர்றதில்லன்னுதான் ஆய்வெல்லாம் சொல்லுது.

ஆமான்னு பதில் வந்தா பதறாதீங்க. "புள்ளைங்க மூஞ்சிய நெனச்சுப் பாரு", "நான் படாத கஷ்டமா" இதெல்லாம் வாயில வரவே கூடாது, ஏற்கனவே பாரமா இருக்கோம்னு நெனக்கிறவங்களுக்கு அது இன்னொரு குத்தம் சொன்ன மாதிரி. அவங்க சொல்றத காது குடுத்து கேளுங்க, அவ்ளோதான். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் மட்டும் பண்ணிடாதீங்க. இப்பவே ஆபத்துன்னு தோணுச்சுன்னா தனியா விடாம கூடவே இருந்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, 108க்கு அடிங்க. மத்தபடி 14416 டெலி மானஸ் (அரசோட மனநல உதவி நம்பர்), 104 (அரசு சுகாதார உதவி நம்பர்), தற்கொலை தடுப்பு அமைப்பான சென்னை சிநேகா 044-24640050, நம்பர மட்டும் குடுத்துட்டு எழுந்துடாம பக்கத்துல உக்காந்து நீங்களே போன் போட்டுக் குடுங்க.

கிராமம்னா பூச்சி மருந்து பத்தி பேசாம முடிக்கக் கூடாது. அந்த நேரத்து வேகம் பல பேருக்கு கொஞ்ச நேரத்துலயே தணிஞ்சுடும், அப்போ கைக்கெட்டுற தூரத்துல எதுவும் இல்லாம இருந்தாலே உயிர் தப்பும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் மனநல டாக்டர் லட்சுமி விஜயகுமார் டீம் ஊர்ப் பொதுவுல ஒரு கட்டடம் வச்சு குடும்பங்களுக்கு பூட்டுப் பெட்டி குடுத்துப் பாத்தாங்க, மருந்தெல்லாம் அங்கதான், வீட்ல இல்ல. ஜனங்களும் ஏத்துக்கிட்டாங்க, 2013ல ஆய்வாவே வந்துச்சு. கட்டடத்துக்கெல்லாம் காசு எங்கன்னு கேக்காதீங்க, மிச்ச மருந்த வீட்டுக்கு கொண்டு வராம பூட்டி வைக்கிறதுக்கு வாய்ப்பு இருக்கான்னு உரக்கடைக்காரரயே பேச விடுங்க, நாம சொல்றத விட அவர் சொன்னா எடுபடும்.

போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு லேட் பண்றது இன்னும் நடக்குது. 2017 மனநலச் சட்டம் 115வது பிரிவு தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்கள கடும் மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கச் சொல்லுது, தண்டிக்கச் சொல்லல. இத ஒரு பேப்பர்ல எழுதி எல்லாருக்கும் குடுத்துடுங்க.

ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்தப்புறம் வர்ற வாரங்கள்தான் ரொம்ப கவனமா இருக்க வேண்டியது, ஆனா அப்பதான் ஊரே ஒதுங்கி நிக்கும். அதனால பயிற்சி முடியும்போதே யார் யார் வீட்டுக்குப் போவாங்கன்னு பிரிச்சுக்குங்க. போனா விசாரணை வேணாம், ஏன் பண்ணன்னு கேக்க வேணாம், "சாப்டியா, மாத்திரை இருக்கா, செக்கப்புக்கு என்னைக்கு வரச் சொன்னாங்க, நான் வண்டில கூட்டிட்டுப் போறேன்", இது போதும்.